ஓடாத டிரிப்பையும் எழுதுங்கள்: நெல்லையில் கால் டாக்சி கணக்கு பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

கால் டாக்சி நடத்துகிறவரிடம் நேற்று எத்தனை டிரிப் ஓடியது என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவார். எத்தனை பேர் போன் செய்து, வண்டி கிடைக்காமல் ஆட்டோ பிடித்துப் போனார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. டிரிப் ஷீட்டில் ஓடிய டிரிப் மட்டும்தானே ஏறுகிறது. சேவையில் சரிசெய்ய வேண்டியதில் பாதிக்கு மேல் அந்த எழுதாத பக்கத்தில்தான் கிடக்கிறது.

பத்து காரிலிருந்து ஐம்பது கார் வரை ஓடும் ஒரு நிறுவனத்தில், கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து முதல்முறையாக டிரிப் கணக்கைப் பிரித்துப் பார்க்கப் போகிறவருக்காக இதை எழுதுகிறோம். ஒரு கம்ப்யூட்டரும், எக்செல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க்கும் போதும். மென்பொருள் நிறுவனம் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

கேள்வியை முதலில் எழுதுங்கள்

ஷீட்டைத் திறந்து வைத்து "என்னதான் தெரிகிறது, பார்ப்போம்" என்று உட்கார்ந்தால் ஒரு வாரம் போகும், பத்து கலர் படம் வரும், ஒரு வண்டிகூடச் சீக்கிரம் வராது. கேள்வியை ஒரு தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டுங்கள். அதில் இடம், நேரம், அளவு மூன்றும் இருக்க வேண்டும். "சேவையை எப்படி நன்றாக்குவது?" என்பதை எண்ண முடியாது. "காலை 5 முதல் 8 மணிக்குள் ஜங்ஷன் பக்கமிருந்து கூப்பிடுகிறவர்களில் எத்தனை பேருக்கு 10 நிமிடத்துக்குள் வண்டி வந்து நிற்கிறது?" என்பதை எண்ணலாம். ஒரே சமயத்தில் இரண்டு கேள்விக்கு மேல் வேண்டாம்.

அழைப்புக்கு ஒரு வரிசை

டிரிப்புக்கு ஒரு வரிசை என்று ஷீட் போடுவதுதான் வழக்கம். அதை மாற்றி, வந்த ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு வரிசை போடுங்கள். வண்டி போனாலும் போகாவிட்டாலும் வரிசை உண்டு. ஒவ்வொன்றிலும் ஐந்து நேரம் வேண்டும்: கூப்பிட்ட நேரம், வண்டி ஒதுக்கிய நேரம், வண்டி வாசலுக்குப் போன நேரம், பயணி ஏறிக் கிளம்பிய நேரம், இறங்கிய நேரம்.

ஐந்து எதற்கு என்றால், தாமதம் யாருடையது என்பதை இவைதான் பிரித்துக் காட்டும். கூப்பிட்டதற்கும் ஒதுக்கியதற்கும் நடுவே நேரம் போனால் கண்ட்ரோல் ரூமில் ஆள் போதவில்லை, அல்லது பக்கத்தில் காலி வண்டி இல்லை. ஒதுக்கியதற்கும் வாசலுக்குப் போனதற்கும் நடுவே போனால் வண்டி தூரத்தில் நின்றிருக்கிறது. வாசலுக்குப் போனதற்கும் கிளம்பியதற்கும் நடுவே போனால் அது பயணி எடுத்துக்கொண்ட நேரம். வெயிட்டிங் சார்ஜ் தகராறு வரும்போதும் இந்த மூன்றாவது இடைவெளிதான் கைகொடுக்கும்.

கூடவே ஏறிய இடம், இறங்கிய இடம், ஏறும்போதும் இறங்கும்போதும் ஓடோமீட்டர் எண், வாடகை, பணமா ஜிபேயா, வண்டி எண். கடைசியாக முடிவு. முடிவை எழுத விடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வையுங்கள்: முடிந்தது, வண்டி இல்லை, பயணி ரத்து, டிரைவர் போகவில்லை, போன இடத்தில் ஆள் இல்லை. கையால் எழுத விட்டால் "கேன்சல்", "கேன்சில்", "வேண்டாம்னுட்டார்" என்று இருபது விதமாக வரும். பிறகு எண்ணவே முடியாது.

முன்பதிவுக்குத் தனி நெடுவரிசை அவசியம். இரவு 9 மணிக்குப் போன் செய்து விடிகாலை 4:30க்கு வண்டி கேட்டவரின் காத்திருப்பு, கூப்பிட்ட நேரத்திலிருந்து கணக்கிட்டால் ஏழரை மணி நேரமாகக் காட்டும். முன்பதிவில் காத்திருப்பு தொடங்குவது, நாம் வருவதாகச் சொன்ன நேரத்திலிருந்து.

"வண்டி இல்லை" என்பதைப் பதிவது கடினம் என்பது தெரிந்ததுதான். வண்டி இல்லாத நேரம் என்றாலே போன் ஓயாமல் அடிக்கும் நேரம். அந்த அவசரத்தில் யாரும் முழு வரிசை நிரப்ப மாட்டார்கள். அதற்கு ஒரு எளிய வழி: ஒரு தாளில் இடது பக்கம் ஜங்ஷன், டவுன், பாளை மார்க்கெட், ஹைகிரவுண்ட், பெருமாள்புரம் என்று ஏரியா பெயர்களும், மேலே அரை மணிக் கட்டங்களும் போட்டு போன் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். வண்டி இல்லை என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பது எல்லாருக்கும் தெரியும். ஒரு கோடு போட ஒரு வினாடி. ராத்திரி அதை ஷீட்டில் ஏற்றிக்கொள்ளலாம். எடுக்காமல் விட்ட மிஸ்டு கால் எண்ணிக்கையையும் அன்றன்றே குறித்துக்கொள்ளுங்கள். கோடுகள் நம்பத்தக்கவையா என்று அது காட்டிக்கொடுக்கும்.

ஒரு எச்சரிக்கை. வண்டி கிடைக்காதவர் பத்து நிமிடத்தில் மூன்று முறை கூப்பிடுவார். அது மூன்று பேர் இல்லை, ஒருவர்தான். ஒரே எண்ணிலிருந்து 20 நிமிடத்துக்குள் வந்தவற்றை ஒரே அழைப்பாகச் சேர்த்துவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் தட்டுப்பாடு மிகையாகத் தெரியும், தேவையில்லாமல் வண்டி வாங்கிப் போடுவீர்கள்.

குறைந்தது எட்டு வாரம் சேருங்கள். 25 கார், காருக்கு நாளுக்கு 8 டிரிப் என்று வைத்தால் 56 நாளில் 11,200 வரிசை. எக்செல் ஷீட் 10,48,576 வரிசை வரை தாங்கும், அதனால் இடம் பற்றிக் கவலை இல்லை.

போன் நம்பரைப் பிரித்து வையுங்கள்

கணக்குப் பார்க்கும் ஷீட்டில் பயணியின் பெயரும் போன் எண்ணும் வீட்டு முகவரியும் இருக்கக் கூடாது. யார் எந்த ராத்திரி எந்த ஆஸ்பத்திரிக்குப் போனார் என்பது அவருடைய சொந்த விஷயம். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இந்தப் பொறுப்பைத் தரவு வைத்திருப்பவர்மேல்தான் வைக்கிறது.

எண்ணை ஏதோ ஒரு சூத்திரத்தில் போட்டு மாற்றிவிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். போதாது. நியூயார்க் நகரத்து டாக்சிகளின் 2013ஆம் ஆண்டு டிரிப் விவரம், பதினேழு கோடிக்கும் மேற்பட்ட டிரிப், 2014இல் வெளியானபோது டாக்சி உரிம எண்களை எம்டி5 என்ற முறையில் மாற்றித்தான் கொடுத்திருந்தார்கள். உரிம எண்ணின் வடிவம் எல்லாருக்கும் தெரியும், வரக்கூடிய எண்களும் கொஞ்சம்தான். எல்லாவற்றையும் அதே முறையில் மாற்றிப் பொருத்திப் பார்த்து, கொஞ்ச நேரத்திலேயே உடைத்துவிட்டார்கள். நம் ஊர் மொபைல் எண்ணும் அப்படித்தான். 6, 7, 8, 9 என்று தொடங்கும் பத்து இலக்கம். மொத்தமே 400 கோடி வாய்ப்பு. கம்ப்யூட்டருக்கு அது பெரிய எண்ணிக்கை இல்லை. ஆகவே ஒவ்வொரு எண்ணுக்கும் குலுக்கல் முறையில் ஒரு குறியீடு கொடுங்கள். எந்த எண்ணுக்கு எந்தக் குறியீடு என்ற பட்டியல் உரிமையாளரின் கம்ப்யூட்டரில் கடவுச்சொல் போட்டுத் தனியாக இருக்கட்டும். முகவரிக்குப் பதில் ஏரியா பெயர் போதும்.

சுத்தம் செய்வதுதான் பெரிய வேலை

மொத்த உழைப்பில் பாதிக்கு மேல் இங்கேதான் போகும், போகட்டும். முதல் விதி: வந்த ஷீட்டில் கை வைக்காதீர்கள். ஒரு நகல் எடுத்து அதில் வேலை செய்யுங்கள். எந்த வரிசையையும் அழிக்க வேண்டாம். "விலக்கிய காரணம்" என்று ஒரு நெடுவரிசை போட்டு அதில் குறித்துவிட்டு, கணக்கிலிருந்து வடிகட்டுங்கள்.

தேதியிலிருந்து தொடங்குவோம். நாம் நாள், மாதம், ஆண்டு என்று எழுதுகிறோம். கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில் அமைந்திருந்தால் மாதம், நாள் என்று படிக்கும். 25/06 என்றால் இருபத்தைந்தாவது மாதம் இல்லை என்பதால் அதை வெறும் எழுத்தாக விட்டுவிடும். 12/06 என்றால் சத்தமே இல்லாமல் டிசம்பர் 6 ஆக்கிவிடும். ஜூன் மாத ஷீட்டில் டிசம்பர் தேதி தென்பட்டாலோ, சில தேதிகள் கட்டத்தின் இடது ஓரத்திலும் சில வலது ஓரத்திலும் ஒட்டிக்கொண்டு நின்றாலோ இதுதான் காரணம். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதப் பழகினால் இந்தத் தொல்லை வராது.

அடுத்தது கடிகாரம். ஜிபிஎஸ் கருவிகளும் சில ஆப்களும் உலகப் பொது நேரத்தில் பதிகின்றன. நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் இருக்கிறது. திருத்தாமல் விட்டால் காலை 6 மணிக்கு ஜங்ஷனில் வரும் கூட்டம் நள்ளிரவு 12:30க்கு வந்ததாகக் காட்டும். அதைவிட மோசம், காலை 5:30க்கு முந்தைய டிரிப்பெல்லாம் முந்தைய தேதிக்குப் போய்விடும். ஞாயிறு விடிகாலைக் கூட்டம் சனிக்கிழமைக் கணக்கில் ஏறிவிடும். நடு ராத்திரியில் காரணமில்லாத கூட்டம் தெரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

தேதி இல்லாமல் நேரம் மட்டும் பதிந்தால் இன்னொரு கோளாறு. 23:50க்கு ஏறி 00:20க்கு இறங்கியவரின் பயணம் கழித்தல் குறியோடு வரும். தேதியும் நேரமும் ஒரே கட்டத்தில் சேர்ந்தே இருக்கட்டும்.

இடப் பெயர்களுக்கு வருவோம். நம் வட்டாரத்தில் ஒரே இடத்துக்கு நாலு பெயர். ஜங்ஷன், ஜங்சன், திருநெல்வேலி சந்திப்பு, ரயில்வே ஸ்டேஷன் எல்லாம் ஒன்று. ஹைகிரவுண்ட், ஐகிரவுண்ட், ஜி.எச்., மெடிக்கல் காலேஜ் என்று நாலு பேர் நாலு விதமாக எழுதியிருப்பார்கள். புது பஸ் ஸ்டாண்ட் என்பவரும் வேய்ந்தான்குளம் என்பவரும் ஒரே இடத்தைத்தான் சொல்கிறார்கள். "பஸ் ஸ்டாண்ட்" என்று மட்டும் எழுதியிருந்தால் எதுவென்று டிரைவரைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். தனி ஷீட்டில் இரண்டு நெடுவரிசை போடுங்கள்: எழுதியிருப்பது, நாம் வைத்துக்கொள்ளும் பெயர். ஒரு பட்டியலில் தேடி அதற்கு நேரான பெயரை எடுத்துக் கொடுக்கும் விலுக்அப் ஃபங்ஷன் மீதியைப் பார்த்துக்கொள்ளும். முதல் முறை இந்தப் பட்டியல் போட ஒரு முழு நாள் ஆகும், அதன் பிறகு வாரத்துக்குப் பத்து நிமிடம்.

ஜிபிஎஸ் வைத்திருந்தால் எல்லைகளைச் சோதியுங்கள். நம் ஊர் அட்சரேகை 8.7ஐ ஒட்டியும் தீர்க்கரேகை 77.7ஐ ஒட்டியும் வரும். இரண்டும் இடம் மாறிப் போனால் வண்டி வட துருவத்தை ஒட்டிய கடலில் நிற்பதாகக் காட்டும். இரண்டும் சுழியமாக இருந்தால் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கடலில் நிற்கும். கருவிக்குச் செயற்கைக்கோள் கிடைக்காத கணங்களில் வருவது இது.

வேகத்தையும் பாருங்கள். ஊருக்குள் ஓடிய டிரிப்பின் சராசரி வேகம் 60 கிலோமீட்டரைத் தாண்டினால் நேரமோ தூரமோ தப்பு. 4 கிலோமீட்டருக்குக் கீழே, அதாவது நடக்கிற வேகத்துக்கும் கீழே போனால், டிரைவர் டிரிப்பை முடிக்கும் பட்டனை அமுக்க மறந்திருப்பார். ஓடோமீட்டரில் 40210 என்பது 42010 ஆகப் பதிவது சகஜம். இன்றைய தொடக்க எண் நேற்றைய முடிவு எண்ணோடு ஒட்டுகிறதா என்று ஒரே ஒரு கழித்தல் போட்டால் பிடிபட்டுவிடும்.

இப்படி விலக்கியவை நூற்றுக்கு ஐந்தைத் தாண்டினால் நின்று யோசியுங்கள். கெட்டுப்போன வரிசைகள் எல்லா நேரத்திலும் சமமாகக் கெடுவதில்லை. நெருக்கடி நேரத்திலும் ராத்திரி ஷிஃப்டிலும்தான் அதிகம் கெடும். அவற்றையெல்லாம் தூக்கிப்போட்டால் எந்த நேரத்தைச் சரிசெய்ய நினைத்தீர்களோ அதே நேரம் கணக்கிலிருந்து காணாமல் போய்விடும்.

ஆறு குறுக்கே ஓடுகிறது

ஊரைப் பன்னிரண்டு, பதினைந்து மண்டலமாகப் பிரியுங்கள். ஒரு மண்டலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஐந்து முதல் ஏழு நிமிடத்தில் போக முடிய வேண்டும். ஜிபிஎஸ் புள்ளிகள் இருந்தால் அட்சரேகை, தீர்க்கரேகையை 0.005க்கு வட்டமாக்கிக்கொள்ளுங்கள், நம் ஊர் இருக்கும் இடத்தில் அது ஏறக்குறைய 550 மீட்டர் சதுரம். எந்தச் சதுரத்தில் எத்தனை அழைப்பு என்று எண்ணி, பக்கத்துப் பக்கத்துச் சதுரங்களைச் சேர்த்து மண்டலமாக்கலாம்.

ஆனால் கம்ப்யூட்டர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், அதற்குத் தாமிரபரணி தெரியாது. கொக்கிரகுளத்தில் நிற்கும் வண்டி ஜங்ஷன் பக்கத்து மீனாட்சிபுரத்துக்கு நேர்கோட்டில் மிக அருகில் இருப்பதாகத் தெரியும். நிஜத்தில் அது சுலோசன முதலியார் பாலத்துக்கு வந்து ஏறித்தான் ஆற்றைத் தாண்ட வேண்டும். 1843இல் திறந்த அந்தப் பாலத்துக்கு இணையாகப் புதுப் பாலம் வந்த பிறகும், காலை ஒன்பது மணி நெரிசலில் தாண்டுவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிடும். ஒரே மண்டலம் ஆற்றின் இரண்டு கரையிலும் நீளக் கூடாது. ரயில் பாதையும் அப்படித்தான். ஈரடுக்கு மேம்பாலத்தைத் தாண்ட வேண்டிய டவுன் வண்டியை ஜங்ஷன் வண்டியாக எண்ணக் கூடாது. பக்கத்து வண்டியைத் தேடிக் கொடுக்கும் ஆப் வைத்திருந்தால், அது நேர்கோட்டுத் தூரத்தைப் பார்க்கிறதா சாலைத் தூரத்தைப் பார்க்கிறதா என்று விசாரியுங்கள். அமைப்பில் இருக்கும் இந்த ஒரு விஷயத்தை மாற்றினாலே சில மண்டலங்களில் காத்திருப்பு குறைந்துவிடும்.

வாகைக்குளம் விமான நிலையம், அபிஷேகப்பட்டி பல்கலைக்கழகம், கங்கைகொண்டான் போன்றவற்றை ஊர் மண்டலங்களோடு கலக்காமல் தனியே வையுங்கள்.

நாள் வகை

ஒவ்வொரு வரிசைக்கும் நாள் வகை ஒன்று குறியுங்கள்: வேலை நாள், சனி, ஞாயிறு, முகூர்த்தம், திருவிழா, கனமழை. முகூர்த்த நாளை காலண்டரைப் பார்த்து முன்கூட்டியே நிரப்பிவிடலாம். நீங்கள் எடுத்த எட்டு வாரத்தில் ஆடி விழுந்துவிட்டால் கல்யாணக் கூட்டமே கணக்கில் இருக்காது. அதை வைத்து ஆவணிக்குத் திட்டம் போட முடியாது. ஆனித் தேரோட்டத்தின்போது ரத வீதிகளில் வண்டி நுழைய வழியிருக்காது, அதனால் டவுன் பயணிகள் வேறு முனையில் ஏறியிருப்பார்கள். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் போன்ற நாட்களைச் சராசரியில் சேர்க்கவே கூடாது. ஆனால் தனியே பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த முறை ஆறு பெருகும்போது எந்தப் பக்கம் வண்டி போக முடிந்தது என்று அதுதான் சொல்லும்.

குற்றால சீசன் ஒரு பெரிய குழப்படி. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வார இறுதியில் "வண்டி இல்லை" எண்ணிக்கை ஏறினால், ஊருக்குள் தேவை கூடிவிட்டது என்று தோன்றும். அழைப்பு எண்ணிக்கையைப் பாருங்கள். அது அப்படியே இருக்கலாம். வண்டிகள் குற்றாலத்துக்கு அவுட்ஸ்டேஷன் போய்விட்டதால் உள்ளூருக்கு ஆள் இல்லாமல் போயிருக்கும். தேவை கூடியதற்கும் வண்டி குறைந்ததற்கும் மருந்து வேறு வேறு.

சராசரியை நம்ப வேண்டாம்

பத்து பேரின் காத்திருப்பு நிமிடங்கள் 6, 7, 7, 8, 8, 9, 9, 10, 11, 55 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 13. ஆனால் ஒன்பது பேர் 11 நிமிடத்துக்குள் வண்டி ஏறிவிட்டார்கள். பதின்மூன்று நிமிடம் யாருமே நிற்கவில்லை. இடைநிலை, அதாவது வரிசைப்படுத்தி நடுவில் வருவது, 8.5. சாதாரணப் பயணியின் அனுபவம் அதுதான். ஆகவே மண்டலத்துக்கும் மணிக்கும் இரண்டு எண் எடுங்கள்: இடைநிலை, பத்தில் ஒன்பது பேர் எவ்வளவு நேரத்துக்குள் ஏறினார்கள் என்பது. எக்செல்லில் மீடியன், பெர்சென்டைல் என்ற ஃபங்ஷன்கள் இதற்கு இருக்கின்றன. அந்த 55ஐத் தனியே எடுத்து அன்றைய டிரைவரிடம் விசாரியுங்கள். ஒரு கட்டத்தில் 30 அழைப்பாவது இல்லாவிட்டால் அந்த எண்ணை நம்பி எதுவும் செய்யாதீர்கள்; இரண்டு மணியைச் சேர்த்தோ இரண்டு மண்டலத்தைச் சேர்த்தோ பாருங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இருபது நிமிடம் நின்று பார்த்துவிட்டு ரத்து செய்தவரின் காத்திருப்பு, முடிந்த டிரிப்புகளில் சேராது. வண்டி எவ்வளவு தட்டுப்பாடாகிறதோ, அவ்வளவுக்குப் பொறுமையில்லாதவர்கள் ஆட்டோவில் போய்விடுவார்கள். பக்கத்தில் வண்டி கிடைத்தவர்கள் மட்டும் கணக்கில் மிஞ்சுவார்கள். சேவை கெட்டுக்கொண்டே போகும்போது காத்திருப்பு எண் அழகாகிக்கொண்டே வரும். அதனால்தான் காத்திருப்பை ஒருநாளும் தனியாகப் படிக்கக் கூடாது. பக்கத்திலேயே நூறு அழைப்பில் எத்தனை முடிந்தது என்ற எண்ணும் இருக்க வேண்டும்.

வரிசைகளைத் தானே எண்ணிக் கட்டம் போட்டுக் கொடுக்கும் பைவட் டேபிளில் மணி இடது பக்கம், மண்டலம் மேலே என்று வைத்து மூன்று அட்டவணை எடுங்கள்: மொத்த அழைப்பு, நிறைவேறாத அழைப்பு, பத்தில் ஒன்பது பேரின் காத்திருப்பு. முதல் இரண்டும் பைவட்டிலேயே வரும். மூன்றாவதை மண்டலம், மணி என்று வடிகட்டித்தான் எடுக்க வேண்டும். பைவட்டில் பெர்சென்டைல் நேரடியாகக் கிடையாது.

ரயிலுக்குக் கடிகாரம் வேறு

ஜங்ஷனில் அழைப்புகள் மணிக்கணக்கில் பரவி வருவதில்லை, ரயிலோடு கொத்தாக வருகின்றன. நெல்லை எக்ஸ்பிரஸ் காலையில் வந்து நின்றதும் இருபது நிமிடத்துக்குள் எல்லாரும் வண்டி கேட்பார்கள். 2023 செப்டம்பர் 24இல் தொடங்கிய வந்தே பாரத் காலையில் சென்னைக்குக் கிளம்பி இரவில் திரும்புகிறது. ஆக, ஒரே ரயிலுக்காக விடிகாலையில் வீடுகளிலிருந்து ஜங்ஷனுக்கு ஒரு கொத்து, இரவில் ஜங்ஷனிலிருந்து வீடுகளுக்கு ஒரு கொத்து. ரயில் 40 நிமிடம் தாமதமானால் கொத்தும் 40 நிமிடம் தள்ளிப்போகும். ஒரு நாள் 6 மணிக் கட்டத்திலும் மறுநாள் 7 மணிக் கட்டத்திலும் விழுந்து, எட்டு வாரச் சராசரியில் கூட்டம் கரைந்து ஒரு சாதாரண மேடாகத் தெரியும்.

இதற்கு வழி, ஒரு சின்ன ஷீட்டில் தினமும் முக்கியமான நாலைந்து ரயில்கள் உண்மையில் வந்து நின்ற நேரத்தை எழுதுவது. ரயில்வேயின் என்டிஇஎஸ் ஆப்பில் அது கிடைக்கும். பிறகு ஜங்ஷன் அழைப்பு ஒவ்வொன்றுக்கும் "ரயில் வந்து எத்தனாவது நிமிடம்" என்று கணக்கிடுங்கள். வந்ததற்கு 10 நிமிடம் முன்பிருந்து 40 நிமிடம் பின்பு வரை, ஐந்து ஐந்து நிமிடமாக எண்ணினால் கூட்டம் செங்குத்தாக எழுந்து நிற்பது தெரியும். வண்டிகள் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்ற கேள்வியே மாறிவிடும். ரயில் வருவதற்கு எத்தனை நிமிடம் முன்னால் நிற்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

எத்தனை வண்டி வேண்டும்

கணக்கு எளிது. ஒரு மணியில் வரும் அழைப்பை, ஒரு டிரிப்புக்கு ஒரு வண்டி மாட்டிக்கொள்ளும் நிமிடத்தால் பெருக்கி 60ஆல் வகுங்கள். உதாரணத்துக்கு, ஒரு மணியில் 12 அழைப்பு. ஏற்றப் போக 8 நிமிடம், ஓட்டம் 22, அடுத்த டிரிப்புக்குத் தயாராக 10, ஆக 40 நிமிடம். 12ஐ 40ஆல் பெருக்கினால் 480, அறுபதால் வகுத்தால் 8. எட்டு வண்டி எந்நேரமும் ஓட்டத்தில் இருக்கும். சரியாக எட்டு மட்டும் வைத்தால் ஒன்பதாவது அழைப்பு நிற்கும், ஏனென்றால் அழைப்புகள் சீராக வருவதில்லை. வண்டிகள் நூற்றுக்கு 80 நேரம் ஓட்டத்தில் இருக்கும்படி வைத்தால் 10 வண்டி.

அந்த மணியில் உண்மையில் எத்தனை வண்டி லாகின் ஆகியிருந்தது என்று இதன் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். பல இடங்களில் தெரியவரும் காரணம் ஒன்றுதான்: ஷிஃப்ட் மாறுவது காலை ஆறு மணிக்கு. இரவு டிரைவர் வண்டியை ஒப்படைக்கப் போய்க்கொண்டிருப்பார், பகல் டிரைவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருப்பார், ரயில் வந்து நின்றிருக்கும். பாதி வண்டிகளின் மாற்றத்தை 4:30க்கும் மீதியை 8:30க்கும் வைத்தால் புது வண்டி வாங்காமலே அந்தக் குழி நிரம்பும். வேலை நேரம் நீளாமல் ஷிஃப்டின் தொடக்கத்தை மட்டும் நகர்த்துங்கள். தூக்கமில்லாத டிரைவரை வைத்துக் காத்திருப்பைக் குறைக்கக் கூடாது.

காலி ஓட்டம்

வண்டி ஒரு நாளில் 170 கிலோமீட்டர் ஓடி, பயணியோடு ஓடியது 96 என்றால், 74 காலி. நூற்றுக்கு ஏறக்குறைய 44. அதை மூன்றாகப் பிரியுங்கள்: ஏற்றப் போனது, இறக்கிவிட்டுத் திரும்பியது, சும்மா சுற்றியது. முதலாவது ஒதுக்கீட்டுக் கோளாறு, மூன்றாவது நிற்க இடமில்லாத கோளாறு.

இரண்டாவதில் பெரும்பங்கு வாகைக்குளத்துக்குப் போகும். ஊரிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர். இறக்கிவிட்டு எம்டியாகத் திரும்பினால் டீசலும் போய் முக்கால் மணி நேரமும் போகும். இறக்கிய நேரத்துக்கும் அடுத்த விமானம் இறங்கும் நேரத்துக்கும் உள்ள இடைவெளியை ஒவ்வொரு டிரிப்புக்கும் எழுதுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் என்றால், திரும்பி வரும் பயணியை முன்கூட்டியே பிடித்துக் கொடுத்து டிரைவரை அங்கேயே நிற்கச் சொல்வது பெரும்பாலும் லாபம். பார்க்கிங் கட்டணத்தை நிறுவனம் ஏற்க வேண்டும்; டிரைவர் தலையில் கட்டினால் அவர் நிற்க மாட்டார், கணக்கும் பலிக்காது.

பெரிய தரவில் பழக

உங்கள் ஷீட் நிரம்புவதற்குள் கையைப் பழக்க வேண்டுமானால், நியூயார்க் டாக்சி ஆணையம் மாதாமாதம் வெளியிடும் டிரிப் விவரத்தை இலவசமாக எடுக்கலாம். நகரத்தை 263 மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். 2022 முதல் பார்க்கே என்ற வடிவில் வருகிறது. மஞ்சள் டாக்சியின் ஒரு மாதக் கோப்பே இருபது லட்சம் வரிசைக்கு மேல் என்பதால் எக்செல் தாங்காது. பைத்தான் நிரல்மொழியில் பாண்டாஸ், அல்லது டக்டிபி என்ற இலவச மென்பொருள் போட்டுத்தான் திறக்க வேண்டும். கழித்தல் குறி போட்ட வாடகை, சுழிய தூரம், சம்பந்தமில்லாத ஆண்டு எல்லாம் அதிலும் கிடக்கும். மஞ்சள் டாக்சிக் கோப்பில் ஏறிய நேரமும் இறங்கிய நேரமும்தான் உண்டு, கூப்பிட்ட நேரம் இல்லை. தெருவில் கை காட்டி ஏறும் வண்டி அது. காத்திருப்பைப் பழக, ஊபர், லிஃப்ட் போன்ற பெரிய ஆப் நிறுவனங்களுக்கென்று 2019 முதல் தனியே வரும் கோப்பை எடுங்கள். அதில் வண்டி கேட்ட நேரமும், ஏறிய நேரமும் இருக்கும். வண்டி கிடைக்காமல் போனவர்கள் அதிலும் இல்லை. அந்தக் கோடு போட்ட தாள் உங்களிடம் மட்டும்தான் இருக்கும்.

மாற்றிப் பார்ப்பது

ஒரு சமயத்தில் ஒரே மாற்றம். ஷிஃப்டையும் மாற்றி, நிற்கும் இடத்தையும் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. மே மாதத்தோடு ஜூனை ஒப்பிடாதீர்கள். நடுவில் பள்ளிக்கூடம் திறந்திருக்கும், சீசன் தொடங்கியிருக்கும். ஒரு வாரம் புது முறை, மறு வாரம் பழைய முறை என்று மாற்றி மாற்றி ஆறு வாரம் ஓட்டி, செவ்வாயோடு செவ்வாயை, முகூர்த்தத்தோடு முகூர்த்தத்தை வைத்துப் பாருங்கள். ஷிஃப்ட் நேரத்தை வாராவாரம் மாற்றினால் டிரைவர்களின் தூக்கம் கெடும் என்பதால் அதற்கு மட்டும் வண்டிகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒன்றைப் பழைய நேரத்திலேயே விடலாம்.

தொடங்கும் முன் டிரைவர்களை உட்கார வைத்துச் சொல்லுங்கள்: இந்த எண்ணை வைத்து யாருக்கும் அபராதம் போடப் போவதில்லை. இது வெறும் நல்ல பேச்சு இல்லை, கணக்குக்கே தேவை. தாமதத்துக்குப் பேட்டாவில் பிடித்தம் என்று ஆரம்பித்தால், "வந்துட்டேன்" பட்டனை அரை கிலோமீட்டர் தள்ளி வரும்போதே அமுக்குவார்கள். அடுத்த வாரமே காத்திருப்பு குறைந்துவிட்டதாக ஷீட் காட்டும், பயணி வாசலில் அதே நேரம்தான் நின்றிருப்பார். இதைக் கண்டுபிடிக்க, பட்டன் அமுக்கிய இடத்துக்கும் ஏறிய இடத்துக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். 150 மீட்டருக்கு மேல் இருப்பவற்றை எண்ணுங்கள். சந்துக்குள் கார் நுழைய முடியாத டவுன் தெருக்களில் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். மாற்றம் தொடங்கிய வாரத்திலிருந்து எல்லா மண்டலத்திலும் அது ஏறினால், புது முறையின் பலனை எண்ணாதீர்கள். முதலில் டிரைவர் அண்ணாச்சிகளிடம் போய்ப் பேசுங்கள்.